பரிவிழை

கோதைக்குப் பல் வலித்தது. அறையில் இருந்த மற்ற நான்கு பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெசிந்தா மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடி வான்துறையின் கட்டுப்பாட்டு அறை அது. கடல்மேல் சரக்கு கொண்டுபோகும் இயந்திரப் பறவைகளுக்கு அந்த ஆறு பேர்தான் வழி சொன்னார்கள். ஊழியர் வளர்ச்சிக்கென்று நிறுவனம் தன் செலவிலேயே ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் பரிவிழை பொருத்தி வந்தது. தலைமுடியைவிட மெல்லிய அந்த இழை, பக்கத்தில் இருப்பவர் படுவதையெல்லாம், அவருக்கு இழை இல்லாவிட்டாலும், அணிந்தவரையும் பட வைக்கும். அது வந்தபின் அறையில் சண்டை இல்லை, விடுப்புக்கு இழுபறி இல்லை. தட்டில் கடைசி வடையை எடுக்கத்தான் யாருக்கும் கை வரவில்லை. அது ஜெசிந்தாவுக்கே கிடைத்தது. காதில் சீழ் வைத்திருந்ததால் அவளுக்கு இன்னும் இழை பொருத்தவில்லை.

அன்று மதியம் திரையில் அறிவிப்பு வந்தது. ஒருவர் வேலையிலிருந்து விலக வேண்டும். மாலைக்குள் யாராவது தாமாகப் பெயர் கொடுக்கலாம். இல்லையென்றால் கடைசியாகச் சேர்ந்தவர் போக வேண்டும்.

கடைசியாகச் சேர்ந்தவள் ஜெசிந்தா. அவள் அப்பாவின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் கருவி நிறுவனம் கொடுத்தது. வேலை போனால் மறுநாளே வந்து கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அறிவிப்பை மறுபடி படித்தாள்.

"ஏட்டி, கொஞ்சம் மூச்ச விடு," என்றார் முபாரக், நெஞ்சைத் தடவியபடி. அறையில் மூத்தவர் அவர். "எனக்கு இங்க அடைக்கி."

"நான் ஒண்ணுமே சொல்லலையே அண்ணாச்சி."

"நீ வேற சொல்லணுமாக்கும்!" என்றாள் கோதை. "ஒனக்கென்ன, ஒருத்தியா பயப்படுத. நாங்க அஞ்சு பேருல்லா படுதோம்."

சிரிக்கத்தான் பார்த்தாள் கோதை. முடியவில்லை.

பயப்படாதே, பயப்படாதே என்று ஜெசிந்தா தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்பாவின் கையில் செருகிய குழாய்தான் கண்ணுக்குள் நின்றது. ஐந்து நாற்காலிகள் சேர்ந்தாற்போல் கிரீச்சிட்டன.

"போதும்ட்டி, தாங்கல." முபாரக் தன் பெயரைத் தட்டி அனுப்பிவிட்டார். அனுப்பினால் திரும்பப் பெற முடியாது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பாதி ஆயுளைக் கழித்த நாற்காலியை விட்டு எழுந்தவரின் வெறுமை மற்ற நால்வரின் வயிற்றிலும் இறங்கியது.

"நீங்க இரிங்க அண்ணாச்சி, நான் போறேன்." கோதையும் அனுப்பினாள். இப்போது இரண்டு பேரின் துக்கம் மூன்று பேர்மேல். கொஞ்ச நேரத்தில் அந்த மூவரும் பெயரை அனுப்பிவிட்டு எழுந்தார்கள்.

"யாராவது நில்லுங்களேன்!" ஜெசிந்தா வாசல்வரை ஓடினாள். அவளைவிட்டுத் தள்ளிப் போகப் போக அவர்கள் நடை லேசாகிக்கொண்டே போனது. ஒருவரும் திரும்பவில்லை.

காலி அறையில் தலைமையகத்தின் குரல் ஒலித்தது. "வாழ்த்துகள். பறவைகளை இனிக் கணிப்பொறியே பார்த்துக்கொள்ளும். ஒருவரைக் கேட்டோம், ஐந்து பேர் மனமுவந்து விலகினார்கள். உங்களுக்கு இழை பொருத்தும் ஏற்பாட்டை ரத்து செய்கிறோம். நாளை நாகப்பட்டினம் அறையில் சேருங்கள். அங்கே பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் இழை உண்டு. தந்தையின் சிகிச்சை, நீங்கள் பணியில் உள்ளவரை தொடரும்."

அங்கே போனதும் பயப்படவே கூடாது என்று நினைத்தாள் ஜெசிந்தா. நினைக்க நினைக்கப் பயம் ஏறியது.