பிள்ளை குடித்த மிச்சம்

காலை மணி அடித்ததும் பிரசவக் கூடத்துத் தாய்மார் பிள்ளைகளோடு வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அரசாங்கம் இதற்குக் ‘கொடை நேரம்’ என்று பெயர் வைத்திருந்தது. தூத்துக்குடிப் பெண்கள் வாய் சும்மா இருக்குமா? ‘கறவை’ என்றார்கள். உறிஞ்சியின் கிண்ணிகள் மார்பைக் கவ்விக்கொள்ள, பால் குழாய் வழியே பிரிப்பானுக்குப் போகும். அதிலிருக்கும் குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், வங்கிக்கு. வடிகட்டிய பால் புட்டியில் அடைத்துப் பிள்ளைக்கு.

கடைசி நாற்காலியில் ஜெசிந்தா மட்டும் கிண்ணியைத் தொடவில்லை. மடியில் மகள், குறைமாதத்தில் பிறந்தவள். புட்டிப் பாலைக் குடிப்பதும் கக்குவதுமாக நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தாள். ஜெசிந்தாவுக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

மேற்பார்வையாளர் சகாயராணி வந்து நின்றாள். "ஏம்மா, இன்னும் மாட்டலையா?"

"மொதல்ல இவ குடிக்கட்டும்க்கா. அணுவோட, முழுசா."

"அணுவால பிள்ளைக்குப் பலன் உண்டுன்னு யாரும் நிரூபிக்கலம்மா."

"இல்லன்னும் நிரூபிக்கலையே. ஒண்ணுக்கும் ஆகாததுன்னா வங்கிக்கு எதுக்கு?"

சகாயராணி குரலைத் தாழ்த்தினாள். "நேரா குடுத்தா வங்கிப் பட்டியல்லருந்து இவ பேரை எடுத்துருவாங்க. நாளைக்கு ஈரல் கெட்டாலும் வங்கி வைத்தியம் கெடையாது, ஆயுசுக்கும். எம் மவனுக்குக் கண்ணு தெரிஞ்சதே எவளோ ஒருத்தி குடுத்த பால்லதான். அனுபவப்பட்டவ சொல்லுதேன், கேளு."

ஜெசிந்தாவுக்குப் பயம் இல்லாமல் இல்லை. மகளின் குச்சி விரல்களைப் பார்த்தாள். நாளைய நோய்க்கு மருந்து வேண்டுமென்றால் இன்று இவள் பிழைத்திருக்க வேண்டாமா?

சேலையை விலக்கிப் பிள்ளையை மார்போடு அணைத்தாள். நாற்காலி அதை உணர்ந்து அலறியது. சுவர்த் திரையில் பிள்ளையின் பெயர் சிவந்து, பிறகு அழிந்தே போனது. மகள் முதலில் தடுமாறினாள். அப்புறம் கெட்டியாகப் பற்றிக்கொண்டு குடித்தாள். கக்கவில்லை. ஜெசிந்தா கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

பிள்ளை கண் அசந்ததும் அவளே கிண்ணியை எடுத்து மறு மார்பில் மாட்டினாள்.

சகாயராணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பேருதான் போயிருச்சே. இனி நீ எதுக்குக் குடுக்கணும்?"

"உங்க மவன மாதிரி எவனாவது காத்துக் கெடப்பான்லா. கேட்டா குடுக்காமலா இருப்போம்? ஆனா ஒண்ணு, அக்கா. பிள்ளை குடிச்ச மிச்சம்தான் வங்கிக்கு."

சகாயராணி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்து நாற்காலி அலறியது. அதற்கடுத்ததும்.