கறுப்பு மெருகு

முத்துமீனா டிபன்பாக்ஸைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. சாக்கடை எங்காவது அடைத்துக்கொண்டதோ என்றுதான் ஜஸீலா முதலில் நினைத்தாள். மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தக் கிரானைட் பாலிஷ் கம்பெனியில் ஈரக் கல்மாவின் வாடை எப்போதும் இருக்கும். சாப்பாட்டு அறைச் சுவரில் மூக்கை வைத்தால்கூட அதுதான் அடிக்கும். இது வேறு. புளித்து, நுரைத்து, அடியில் எதுவோ இனிப்பாக அழுகிய வாடை. எட்டிப் பார்த்தாள். சோறு நூல் நூலாக இழுத்தது. குழம்பின் மேல் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. முத்துமீனா அதைப் பிசைந்து, உருட்டி, வாயில் வைத்து நிதானமாக மென்றுகொண்டிருந்தாள்.

"மீனா, அது ஊசிப்போச்சுடி."

முத்துமீனா மென்றதை விழுங்கினாள். "அப்படியாக்கா?" என்றாள். அடுத்த கவளத்துக்குக் கை போனது.

ஜஸீலா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி, டிபன்பாக்ஸை வாங்கிக் கொண்டுபோய் வெளியே கொட்டினாள். திரும்பி வந்தபோது முத்துமீனா பாக்ஸ் இருந்த இடத்தையே பார்த்தபடி, கை விரல்களை விரித்தது விரித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மெருகு போட்டு வரும் கற்பலகைகளில் கீறலோ மங்கலோ இருக்கிறதா என்று பார்ப்பது ஜஸீலாவின் வேலை. அளவெடுத்து ஸ்டிக்கர் ஒட்டுவது முத்துமீனாவின் வேலை. ஒருத்தி டேப்பின் ஒரு நுனியைப் பிடித்தால் மற்றவள் மறு நுனியைப் பிடிப்பாள். இருவரின் நாளும் அப்படித்தான் போகும். மேலூருக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண் முத்துமீனா. கணவன் சூரியபிரகாஷுக்குத் தூத்துக்குடியில் வேலை, விடுமுறைக்கு மட்டும் வருவான். மிஷின் சத்தத்தையும் மீறிப் பேசுகிறவளாக இருந்தாள் அவள். லோடு ஏற்றும் ஆட்களை வம்புக்கு இழுப்பாள். அவர்கள் பதில் தேடி முழிக்கும்போது இவள் சிரிப்பு ஷெட்டின் கடைசிவரை கேட்கும். அது எப்போது நின்றது என்று ஜஸீலாவால் சொல்ல முடியவில்லை. தலை சீவாமல் வர ஆரம்பித்தாள். கட்டின சேலையே மறுநாளும் அதற்கு மறுநாளும் வந்தது. என்ன கேட்டாலும் ஒரே பதில். "நல்லாத்தான்க்கா இருக்கேன்." குரல் ஏறாது, இறங்காது.

மேனேஜர் உக்கிரபாண்டியிடம் சொல்லிப் பார்த்தாள். எதற்கும் வாய்விட்டுச் சிரிக்கிற மனுஷர் அவர்; இதற்கும் சிரித்தார்.

"ஆளு நல்லாத்தானே இருக்கா தங்கச்சி? டயத்துக்கு வாரா, சொன்னதைச் செய்றா. நீயா எதையாச்சும் கெளப்பிவிடாத. புருஷன் ஊர்ல இல்ல, அதான் மொகம் வாடிக்கெடக்கு."

"அதில்லண்ணே. இது வேற மாதிரி இருக்கு."

"இம்புட்டு யோசிச்சா நமக்கும் கிறுக்குப் பிடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு டீ கிளாஸோடு போய்விட்டார்.

அன்று பிற்பகல் கறுப்புக் கல் வந்திருந்தது. ஷெட்டின் கோடியில் இரும்புச் சட்டங்களில் சாய்த்து நிறுத்தியிருந்த பலகைகள், ஆள் உயரத்துக்கும் மேலாக, ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. கூரையின் டியூப்லைட்டுகள் அவற்றின் ஆழத்தில் தலைகீழாக எரிந்தன. இன்னும் காயாத தண்ணீர் பலகையின் கீழ் விளிம்பில் சேர்ந்து, திரண்டு, தரையிலிருந்த சாம்பல்நிறச் சேற்றில் சொட்டும் சத்தம், தூரத்து மிஷினின் உறுமலுக்கு நடுவிலும் தனியாகக் காதில் விழுந்தது. ஜஸீலா டேப்பின் நுனியைப் பலகையின் ஓரத்தில் வைத்தாள். முத்துமீனா மறு நுனியை இழுத்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனாள்.

ஜஸீலா கல்லைப் பார்த்தாள். முக்காடு போட்ட தன் உருவம் தெரிந்தது. கையிலிருந்து கிளம்பிய மஞ்சள் டேப் கல்லுக்குள்ளும் நேராக நீண்டு போனது. அந்தக் கோடியில் அதைப் பிடிக்க யாரும் இல்லை. அந்தரத்தில் நின்றது.

திரும்பினாள். முத்துமீனா டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுபடியும் கல். டேப் மட்டும்.

"அக்கா" என்றாள் முத்துமீனா. பல நாளைக்குப் பிறகு அவள் குரலில் ஏதோ ஒன்று அசைந்தது. "உங்களுக்கும் கல்லுல நான் தெரியலையா?"

ஜஸீலாவின் கையிலிருந்து டேப் நழுவியது. அது சரசரவென்று சுருண்டு ஓடியது.

"வீட்டுக் கண்ணாடிலதான் மொதல்ல போச்சு. பஸ் ஜன்னல்ல கொஞ்சம் இருந்துச்சு. இப்ப இதுலயும் இல்ல. யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா. பைத்தியம்னுருவாங்க."

வெளிச்சக் கோணமாக இருக்கும் என்று ஜஸீலா சொல்லிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டாள். கஞ்சித் தண்ணீரில் தன் முகம் அலையலையாகத் தெரிந்தபோது கொஞ்சம் காலில் ஊற்றிக்கொண்டாள். "என்ன புள்ள, மேலுக்கு முடியலையா?" என்று கேட்ட கணவன் பாதுஷாவிடம் காலில் கஞ்சி பட்டதை மட்டும் சொன்னாள்.

மறுநாள் மதியம் அவள் வேறு மேசையில் உட்கார்ந்தாள். பயம்தான். முத்துமீனா அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வெறும் பாக்ஸைத் திறந்து வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மூடினாள். பக்கத்தில் வந்தவர்கள் காலி இடம் என்று நினைத்து அவள் மேலேயே உட்காரப் போய், கடைசி நொடியில் திடுக்கிட்டு விலகிப் போனார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஜஸீலா எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போனாள். பாதிச் சோற்றை அந்தப் பாக்ஸில் போட்டாள்.

அந்த வாரக் கடைசியில் மழை கட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலமே இருட்டி, கரண்ட்டும் போய்விட்டது. ஆட்கள் பஸ் ஸ்டாப்புவரை விடும் கம்பெனி வேனில் ஏறினார்கள். முத்துமீனாவைக் காணவில்லை.

"முன்னாடியே போயிருப்பா" என்றார் டிரைவர்.

ஜஸீலா இறங்கி உள்ளே நடந்தாள்.

மிஷின்கள் நின்றுபோன ஷெட்டில், பகலெல்லாம் கேட்காத சத்தங்கள் எல்லாம் வெளியே வந்திருந்தன. எங்கோ தண்ணீர் சொட்டியது. தகரக் கூரை சூடு ஆறி நெளிந்தது. கல்மாவின் வாடையோடு மழை மண்ணின் வாடையும் சேர்ந்து நெஞ்சை அடைத்தது. செல்போன் விளக்கைப் போட்டதும் ஒவ்வொரு பலகைக்குள்ளிருந்தும் ஒவ்வொரு ஜஸீலா விளக்கைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தாள்.

"மீனா."

காதைக் கொடுத்தாள்.

மூச்சுச் சத்தம். மெல்ல. பலகைகளுக்கு நடுவில்.

நடந்தாள். சேறு செருப்பை உறிஞ்சியது. நின்றாள். மூச்சு மட்டும். இடது பக்கம். விளக்கைத் திருப்பினாள். கல். கல்லுக்குள் தன் உருவம். வேறு யாரும் இல்லை.

மூச்சு மிக அருகில்.

கீழே பார்த்தாள். இரண்டு வரிசைப் பலகைகளுக்கு இடையே, ஆள் ஒடுங்கிப் போகிற சந்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு முத்துமீனா உட்கார்ந்திருந்தாள்.

ஓடிவிடலாம் என்றுதான் ஜஸீலாவுக்கு முதலில் வந்தது. கால் திரும்பியும்விட்டது. ஆனாலும் சேற்றில் உட்கார்ந்தாள். தோளைச் சுற்றிக் கையைப் போட்டாள். தோள் இருந்தது. எலும்பு தெரிந்தது. நடுங்கியது. முத்துமீனா அவள் மேல் சாய்ந்து, முக்காட்டில் முகத்தைப் புதைத்தாள்.

எதிரே கல்.

கல்லுக்குள் ஜஸீலா தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் கை வெறும் காற்றை அணைத்திருந்தது. முக்காட்டில் ஈரம் ஒன்று, யாரும் அழாமல், தானாகப் படர்ந்துகொண்டே போனது.

ஜஸீலா கையை எடுக்கவில்லை.

"மீனா. ஒண்ணு கேக்குறேன். சாகணும்னு தோணுதா?"

மழை கூரையில் விழ ஆரம்பித்தது.

"போயிட்டேன்னே தோணுதுக்கா. ஒடம்பு மட்டும் பஸ் ஏறி வந்துட்டுப் போகுது. அதையும் நிப்பாட்டிறலாம்னுதான் இங்க உக்காந்தேன். ஏன்னு கேட்டுறாதீங்க. எனக்கே தெரியல. யாரும் ஒண்ணும் பண்ணல."

"கேக்கல."

"கல்லுல நான் தெரியலன்னு சொன்னதை நம்புறீங்களா?"

ஜஸீலா கல்லைப் பார்த்தாள். "நம்புறேன். ஆனா என் கைக்கு நீ இருக்க. எந்திரி. நானும் வாரேன்."

ஜஸீலா போன் பண்ணியதும் பாதுஷா மழையில் ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்தார். "தங்கச்சி, ஈரம் படாம உள்ள தள்ளி உக்காரு" என்று மட்டும் சொன்னார். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா அவசரப்படாமல் கேட்டாள். கண்ணாடியைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை. "இது நோய்தான். தேறி வரலாம், நாளாகும். தனியா விட வேணாம்" என்று சொல்லிப் படுக்கை கொடுத்தாள். விடியும்போது வந்து சேர்ந்த சூரியபிரகாஷ் வராந்தாவில் நின்று அழுதான். "போன்ல தெனமும் நல்லாருக்கேன்னுதானக்கா சொன்னா. நானும் சரின்னு வச்சுருவேன்."

ஜஸீலா வேலை விட்டதும் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். சில நாள் முத்துமீனா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சில நாள் கையை மட்டும் பிடித்துக்கொள்வாள். ஒரு நாள் சில்வர் தம்ளரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "தோள் மட்டும் தெரியுதுக்கா" என்றாள். முகம் இன்னும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுவரை ஜஸீலா அழுதுகொண்டே நடந்தாள். சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் புதிதாக ஒரு கறுப்புப் பலகை மிஷினிலிருந்து இறங்கி, இரும்புச் சட்டத்தில் சாய்ந்து நின்றது. மேலே வழிந்த தண்ணீரை ஜஸீலா துணியால் இழுத்துவிட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் உக்கிரபாண்டி வந்து நிற்பது டீ வாசனையிலேயே தெரிந்தது.

"என்ன தங்கச்சி, நம்ம மீனா எப்படி இருக்கா?"

"தேறிட்டு வாராண்ணே. மெதுவா."

"நல்லது. பாவம், எளகின மனசு. நம்மள்லாம் நல்லாத்தானே இருக்கோம்." சிரித்தார்.

ஜஸீலா கல்லில் பார்த்தாள். அவள் தோளுக்குப் பின்னால் டீ கிளாஸ் ஒன்று அந்தரத்தில் நின்றது. மேலே ஏறியது. சாய்ந்தது. டீ குறைந்தது.

அவளால் திரும்ப முடியவில்லை.

சங்கு ஊதியது. ஷிப்ட் மாறும் ஆட்கள் பேசிக்கொண்டே பின்னால் வர ஆரம்பித்தார்கள். "மாப்ள, நில்லுடா, நானும் வாரேன்." தோளில் தட்டும் சத்தம். இருமல். ரப்பர் பூட்ஸுகள் சேற்றை மிதித்தன, ஒரு கூட்டமே வருகிற சத்தம்.

கல்லுக்குள் ஒரு சைக்கிள் தானாக உருண்டு போனது. அதன் பின்னால் ஒரு பீடியின் கங்கு, வாய் உயரத்தில், பளிச்சென்று எரிந்து மங்கியது. மடக்கின குடை. இரண்டு மூன்று தண்ணீர் பாட்டில்கள், அசைந்து அசைந்து. எங்கோ ஓர் ஓரத்தில் ஒரே ஒரு ஆள், தலை குனிந்து, அவற்றுக்கு நடுவே நடந்தான். மீதி எல்லாம் வெறும் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து எல்லாரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.