உள்ளங்கை கீழே

பிற்பகல் மூன்று மணிக்கு அந்தத் தீவின் வடக்குப் பக்கம் வந்து சேர்ந்தோம். டேனிஷ் கடலில், ஃபூன் தீவுக்குத் தெற்கே, இப்படிச் சிறு தீவுகள் நிறைய உண்டு. இதில் யாரும் வசிப்பதில்லை. புல், கற்கள், கரையில் அழுகும் கடற்பாசியின் நாற்றம். ஆழம் நான்கு மீட்டர். நங்கூரம் போட நல்ல இடம் என்று வரைபடம் சொல்கிறது.

படகில் நாங்கள் இரண்டு பேர். நானும் என் மனைவி சாருஜாவின் தங்கை நிறோஷினியும். சாருஜா இறந்து ஒரு வருடம். இந்த இடத்தில்தான். பாய்மரப் படகை விற்றாயிற்று. அடுத்த வாரம் வாங்கியவர் வந்து எடுத்துப் போவார். அதற்கு முன் அக்காவுக்குத் தண்ணீரில் பூப் போட வேண்டும் என்று நிறோஷினி ஹேர்னிங்கிலிருந்து நான் இருக்கும் கோல்டிங்குக்குக் காரில் வந்து நின்றாள். மறுக்க என்னிடம் ஒரே ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல முடியாது.

நங்கூரம் போடுகிறவர் படகின் முன்னால் நிற்க வேண்டும். எஞ்சினைப் பிடிப்பவர் பின்னால். சத்தத்தில் பேச்சு கேட்காது. கையால்தான் பேச்சு. இன்னும் முன்னுக்கு வா என்று காட்டினேன். அவள் படகைப் பின்னுக்கு எடுத்தாள்.

"நிறோ, என்ன செய்யிறாய்?"

"நீங்கள்தானே போ எண்டு காட்டினனீங்கள்!"

"வா எண்டெல்லோ காட்டினனான்."

"அது வா இல்லை அத்தான்." உள்ளங்கையை மேலே திருப்பி விரல்களை மடக்கினாள். "இதுதான் வா. நீங்கள் செய்யிறது கோழி கலைக்கிறது."

சிரித்தாள். இந்த ஒரு வருடத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவன். எங்களுக்கு உள்ளங்கை கீழே பார்த்து விரல்கள் அசைந்தால் வா. இங்கே பிறந்தவர்களுக்கு அதுவே போ. கலியாணமான முதல் வருடம் சாருஜா என்னை டேனிஷ்காரர் மாதிரித்தான் கூப்பிடுவாள். "நாயைக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிடாதை" என்று எரிந்து விழுவேன்.

சங்கிலி இருபது மீட்டர் விட்டேன். நங்கூரம் அடியில் பிடித்தது. எஞ்சினை நிறுத்தினோம்.

மிகவும் அமைதியாக இருந்தது.

நிறோஷினி பூக்களை எடுத்தாள். "எந்தப் பக்கம்?"

முன்பக்கத்தைக் காட்டினேன். போன வருடம் சாருஜா றப்பர் தோணியில் கரைக்குப் போய்த் திரும்பும்போது ஒரு துடுப்பு தவறிப் போனது. காற்று இழுத்துக்கொண்டு போனது. மூன்று நாள் கழித்து அவள் உடலை அடுத்த தீவில் கண்டெடுத்தார்கள். நான் உள்ளே நித்திரையாக இருந்தேன் என்று பொலிஸிடம் சொன்னேன். மாமா மாமியிடமும் அதையேதான்.

"நீங்கள் முழிச்சிருந்தால் அக்கா இப்ப இருந்திருப்பா, என்ன?" என்றாள். உடனே என் முகத்தைப் பார்த்தாள். "பிழை சொல்லேல்லை அத்தான். நித்திரைக்கு ஆர் என்ன செய்யிறது."

"ஓம்," என்றேன்.

வெள்ளைப் பூக்கள். நீரோட்டம் எங்களைத் தாண்டிப் பின்பக்கம் ஓடியது. பூக்கள் முன்பக்கம் போயின.

அப்போது பனிமூட்டம் வந்தது. கோடையில் இந்தக் கடலில் அது அப்படித்தான், சொல்லாமல் வரும். முதலில் குளிர். பிறகு நனைந்த இரும்பின் மணம். கரை மறைந்தது. சூரியன் வெளிறிப்போன வட்டமாகி, அதுவும் இல்லாமல் போனது.

டக்.

துடுப்புக் கொண்டியில் துடுப்பு இடிக்கும் சத்தம்.

"கேட்டுதோ?" நிறோஷினி கிசுகிசுத்தாள்.

"வேறை படகாயிருக்கும்."

டக்.

இரண்டு துடுப்பென்றால் சத்தம் சோடியாக வரும். இது ஒற்றைச் சத்தம்.

மூட்டம் ஓரிடத்தில் மட்டும் மெலிந்தது. முன்பக்கம், எங்கள் சங்கிலி தண்ணீருக்குள் இறங்கிய திசையில். தண்ணீர் மட்டத்தோடு ஒரு கை. முழங்கை வரைதான் தெரிந்தது. கை மெதுவாக அசைந்தது.

"ஆரோ நிக்கினம். எங்களைப் போகச் சொல்லீனம்." நிறோஷினி எஞ்சின் சாவியில் கை வைத்தாள். "இஞ்சை நங்கூரம் போடக்கூடாது போலை. வாங்கோ, போவம்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

"போகச் சொல்லேல்லை," என்றேன். "வரச் சொல்லுறா."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"போன வருசமும் பாத்தனான்."

சொன்னேன். எல்லாவற்றையும். அன்று காலை சாருஜாவோடு சண்டை. அவளுக்கு வீட்டுக்குத் திரும்ப வேண்டும், எனக்கு இன்னொரு நாள் வேண்டும். கோபத்தில் தனியாகக் கரைக்குப் போனாள். நான் மேல்தட்டில் உட்கார்ந்திருந்தேன். தோணியிலிருந்து கை காட்டினாள். உள்ளங்கை கீழே. கடைசி வருடத்தில், என்னிடம் மட்டும், அவள் அப்படித்தான் கூப்பிடப் பழகியிருந்தாள். எனக்காகப் பழகியது. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் டேனிஷ் அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன். அதுதான் வசதியாக இருந்தது. போகச் சொல்கிறாளா, சரி என்று உள்ளே இறங்கித் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

மேலே வந்தபோது மூட்டம் மட்டும் இருந்தது.

நிறோஷினி கேட்டு முடித்தாள். "நை," என்றாள் டேனிஷில். இல்லை என்று. அப்பா அம்மாவோடும் அக்காவோடும் பேசும் தமிழை அதன்பின் அவள் என்னோடு பேசவில்லை. என்னைவிட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் உட்கார்ந்தாள்.

கை நிற்கவில்லை.

புறப்பட வேண்டுமானால் நங்கூரத்தை எடுக்க வேண்டும். சங்கிலியை இழுத்தேன். இழுக்க இழுக்கப் படகுதான் நங்கூரத்தை நோக்கிப் போகும். பதினெட்டு மீட்டர். பதினைந்து. ஒவ்வொரு முழமும் என்னை அவளிடம் கொண்டுபோனது. பன்னிரண்டில் விரல்கள் தெரிந்தன. ஊறி வெளுத்த விரல்கள். மோதிரம்.

இன்னும் பத்து மீட்டர் இழுத்திருந்தால் அந்தக் கையைப் பிடித்திருப்பேன்.

சங்கிலியின் கடைசி நுனியைப் படகோடு கட்டியிருந்த கயிற்றைக் கத்தியால் அறுத்தேன். சங்கிலி முழுவதும் கடகடவென்று தண்ணீருக்குள் போனது. எஞ்சினைப் பின்னுக்குப் போட்டேன்.

அது இரண்டாவது முறை.

கோல்டிங் துறையில் இறங்கி நிறோஷினி நேரே காருக்குப் போனாள். கண்ணாடியை இறக்கி, டேனிஷில், "அம்மாவுக்கு நீதான் சொல்ல வேண்டும்," என்றாள். நான் இன்னும் சொல்லவில்லை.

செப்டெம்பரில் படகை வாங்கியவர் தொலைபேசியில் அழைத்தார். யோர்கன், ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனிதர். புது நங்கூரம் வாங்கியிருந்தார். வடக்கே லிம்ஃபியோர்ட் வரை போய் வந்தாராம்.

"ஒரு விசித்திரம். எங்கே நங்கூரம் போட்டாலும், முன்னால் தண்ணீரில் ஒரு பெண் கை அசைக்கிறாள். எங்களைப் போகச் சொல்கிறாள். நாங்களும் ஒவ்வொரு முறையும் கிளம்பிவிடுகிறோம். உனக்கு ஏதாவது தெரியுமா?"

"கை எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். "உள்ளங்கை மேலேயா, கீழேயா?"

"கீழே."



"அப்படியென்றால் போகச் சொல்கிறாள்தான்," என்றேன். "போய்விடுங்கள்."

தொலைபேசியை வைத்தேன். நான் இருப்பது மூன்றாம் மாடி. கடல் இங்கிருந்து தெரியாது. பல்கனிக் கண்ணாடிக்கு வெளியே மூட்டம் இறங்கியிருந்தது.

டக்.