ஜெபிக்க வந்தவள்

கேட் சத்தம் போடவில்லை. காற்று தள்ளினாலே அழுகிற அந்தத் துருப்பிடித்த இரும்புக் கேட் திறந்த சத்தமே இல்லாமல், யாரோ வாசற்கதவைத் தட்டினார்கள்.

யூனிஸ் உள்ளறையில் தூளி ஆட்டுவதை நிறுத்தினாள். தூளிக்குள் அக்காவின் ஏழு மாதக் குழந்தை. அதைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான் அவளை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தி அஸ்தினாபுரத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். அக்கா பியூலாவும் அத்தான் ஐசக்கும் பட்டணத்து ஆபீஸ்களில் இருந்தார்கள். கரண்ட் போய்விட்டிருந்தது. நவம்பர் மழை ஓட்டின்மேல் விடாமல் இரைய, காயாத குழந்தைத் துணிகளின் புளித்த வாடையும் அணைந்த ஸ்டவ்வின் மண்ணெண்ணெய் வாடையும் சேர்ந்து, சாயங்காலத்துக்கு முன்பே அறையை இருட்டாக்கிவிட்டதுபோல் இருந்தது.

பக்கத்துத் தெருவில் நகைக்குப் பாலிஷ் போட வந்தவன் வளையல்களோடு போனதிலிருந்து, அத்தான் கதவுக்கு உள்பக்கம் சங்கிலி மாட்டியிருந்தார்.

"மீட்டர் பாக்க வந்தேன், ஈயம் பூச வந்தேன்னு எவன் சொன்னாலும் சங்கிலிய எடுக்காதே. நானே வந்தாலும் கார்டு காட்டச் சொல்லு" என்று சிரித்தார்.

அவள் அப்படியே செய்தாள். போன மாதம் போதகரின் மனைவி மழையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள்.

"ஊழியக்காரங்களுக்கும் திருடனுக்கும் வித்தியாசம் தெரியாதாடி? சபையில தலைகாட்ட முடியல" என்றாள் அக்கா. "படிப்புதான் ஏறல. கண்ணுமா இல்ல?"

மறுபடியும் தட்டல்.

"ஸ்தோத்திரம். பியூலா வீடுதானே?"

பெண் குரல். யூனிஸ் சங்கிலியளவு கதவைத் திறந்தாள். வெள்ளைப் புடவை, முக்காடு, கக்கத்தில் கறுப்பு வேதாகமம்.

"நீங்க எந்தச் சபைம்மா?"

"எல்லாம் ஒரே ஆண்டவரோட சபைதான் பாப்பா. இந்தத் தடவையும் வாசல்லயே நிக்க வெச்சிடுவியா?"

யூனிஸுக்கு முகம் எரிந்தது. சங்கிலியை எடுத்தாள்.

"முழங்கால் போடு. குழந்தைக்காக ஜெபிப்போம்."

தாவணியைத் தலையில் இழுத்துவிட்டு மண்டியிட்டாள். கண்ணை மூடும் முன் எதிரே இருந்த பாதங்களைப் பார்த்தாள். அவற்றில் ஈரமில்லை.

அதற்குள் கை அவள் தலைமேல் இறங்கிவிட்டது. ஆமென் சொல்லும்வரை கண் திறக்கக் கூடாது. ஞாயிறு வகுப்பில் திறந்த பிள்ளைகளுக்குத் தொடையில் கிள்ளு விழும். யூனிஸ் ஒருநாளும் வாங்கியதில்லை. அவள் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அது.

குரல் மழையோடு மழையாக ஏறி இறங்கியது. கர்த்தாவே என்றது, இந்த வீட்டை உமது கையில் தருகிறோம் என்றது. ஐசக்கின் பெயரைச் சொன்னது, பியூலாவின் பெயரைச் சொன்னது, பிறகு வெளியே யாருக்கும் தெரியாத குழந்தையின் செல்லப் பெயரைச் சொன்னது.

உள்ளறையில் தூளிக் கயிறு முனகியது.

யாரோ ஆட்டுகிறார்கள்.

கண்ணைத் திறந்தால் அந்த அம்மா பார்த்துவிடுவாள். அக்காவிடம் சொல்லிவிடுவாள். யூனிஸ் இமைகளை இறுக்கிக்கொண்டாள். ஜெபம் நிற்கவில்லை. ஆனால் குரல் நகர்ந்தது. எதிரிலிருந்து பக்கத்துக்கு. பக்கத்திலிருந்து உள்ளறை வாசற்படிக்கு. இப்போது உள்ளறையில். தூளிக்கு அருகில்.

கை மட்டும் அவள் தலைமேலேயே இருந்தது.

குளிர்ந்த கை. கனத்துக்கொண்டே வந்தது.

முடியட்டும். எப்படியாவது முடியட்டும்.

"ஆமென்" என்றாள் யூனிஸ்.

குரல் நின்றது. கண்ணைத் திறந்தாள். எதிரே யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. தலைமேலிருந்த கை, நல்ல பிள்ளை என்பதுபோல், மெல்லத் தட்டிக்கொடுத்தது.

உள்ளே தூளி ஆட்டம் அடங்கியது. அதற்குள்ளிருந்து, இன்னும் பல் முளைக்காத வாய் நிதானமாக, திருத்தமாகச் சொன்னது.

"ஆமென்."