சலவைக்கடை மீது ஒரு புகார்

வகுப்பில் அவளுக்கு 'அளவுகோல்' என்று பெயர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று ஆற்று நீரை அளந்துவரும் பள்ளிக் குழுவின் தலைவன் அவளிடம் ஒரு கடிதத்தை நீட்டினான். "கையெழுத்து போடு. நாலு பேர் போட்டாச்சு."

சலவைக்கடை அக்கா சோப்புத் தண்ணீரை ஆற்றில் விடுகிறாராம். மீன்கள் சுவாசிக்கும் ஆக்சிஜன் அதனால் குறைந்துவிட்டதாம். கடையை மூடவேண்டும் என்று நகராட்சிக்கு எழுதியிருந்தார்கள்.

"அவங்க விட்டத நீ பார்த்தியா?"

"பார்க்கணுமா? குளிர்காலத்துல ஆக்சிஜன் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம். நேத்து கடைப் பக்கம் அளந்தப்ப ஏழுதான். நடுவுல புதுசா வந்தது அந்தக் கடை மட்டும்தான்!"

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. கடை போனால் அக்கா என்ன செய்வார்?

யோசித்துக்கொண்டே மேசையிலிருந்த தண்ணீரை எடுத்தாள். காலையில் சில்லென்று பிடித்துவைத்தது. இப்போது வெதுவெதுப்பாகிவிட்டது. கண்ணாடிக் குவளையின் உள்ளே குட்டிக் குட்டிக் குமிழிகள் ஒட்டியிருந்தன. காலையில் ஒன்றுகூட இல்லையே!

"டேய், தண்ணி சூடானா அதுல கரைஞ்ச காத்து வெளியே வந்துடுது! இந்த வெயில்ல ஆறும் சூடாகியிருக்கும்ல?"

"உன் குவளையும் ஆறும் ஒண்ணா?"

"அளந்து பார்த்துடலாம் வா. கடைக்கு மேல, ஆறு வர்ற பக்கமா. சோப்புத் தண்ணி எதிர்நீச்சல் போடாதுல்ல?"

குழுவில் மற்றவர்கள் சிரித்தார்கள். தலைவன் மட்டும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டான்.

ஆற்றின் மேல்பக்கம் போய்த் தண்ணீரைக் குப்பியில் பிடித்தார்கள். வெப்பமானி குளிர்காலத்தைவிட எட்டு டிகிரி அதிகம் காட்டியது. சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டார்கள்.

"இங்கயும் ஏழுதான்," என்றான் தலைவன் மெதுவாக.

திரும்பும் வழியில் சலவைக்கடை அக்காவே அவர்களைப் பார்த்துவிட்டார். "இந்த வெயில்ல எங்க சுத்துறீங்க? உள்ள வந்து ஃபேன் காத்துல உக்காருங்க!"

தலைவன் தயங்கித் தயங்கி அருகில் போனான். கடிதத்தை எடுத்து அவரிடமே கொடுத்தான். "உங்க மேல புகார் எழுதிட்டோம்கா. தப்பு எங்க மேலதான். மன்னிச்சுடுங்க."

அக்கா முழுவதையும் படித்தார்.

"தப்புன்னு யார் கண்டுபிடிச்சா?"

நான்கு விரல்கள் அளவுகோலை நோக்கி நீண்டன.

"அடுத்த தடவை என் மேல சந்தேகம் வந்தா," என்று அக்கா கடிதத்தை நான்காகக் கிழித்தார், "முதல்ல இவளை அனுப்புங்க."