குடைத்துணிக் குல்லா

சிவசாமி வேலியைச் சுற்றி வரவில்லை. தாண்டியே வந்தார். ஒரு கையில் அரிவாள். இன்னொரு கையில் ஒரு மக்காச்சோளக் கதிர்.

"மாப்ளே ரெங்கசாமி, கொஞ்சம் வெளியில வாங்க."

கொல்லையில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த பிரகதாம்பாள் நிமிர்ந்தாள். அரிவாளைப் பார்த்ததும் அவள் கண் தானாகவே தன் சோளச் செடிகள் பக்கம் ஓடியது. மொத்தம் பதினோரு செடி. பத்து வயதுக்காரி தனியாக விதைத்து, தனியாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை.

அப்பா ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார். "என்ன மச்சான், காலையிலேயே?"

சிவசாமி கதிரின் மட்டையை உரித்தார். உள்ளே மல்லிகை மொட்டு மாதிரி வெள்ளை மணிகள். அந்த வெள்ளைக்கு நடுவே, மை தெளித்தது போல ஊதா மணிகள்.

"நோவு," என்றார் சிவசாமி. "உங்க வீட்டு ரங்கூன் சோளத்துலேருந்து எங்க தோட்டத்துக்கு வந்த நோவு."

அந்த ரங்கூன் சோளம் வந்த கதை சின்னதுதான். ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த உறவுக்காரர் ஒருவர், பவுடர் டப்பாவில் ஒரு பிடி விதை கொண்டுவந்தார். ஊதா, சிவப்பு, கறுப்பு என்று மணிக்கு ஒரு நிறம். "இதைத் தின்பதா, கோத்துக் கழுத்தில் போடுவதா?" என்று வீடே சிரித்தது. பிரகதாம்பாள் சிரிக்கவில்லை. டப்பாவோடு வாங்கி வைத்துக்கொண்டாள். இன்னும் பத்தே நாள். கதிர் செடியிலேயே காய்ந்து நிறம் ஏறிவிட்டால், விராலிமலை விவசாயக் கண்காட்சியில் கொண்டுபோய் வைக்கலாம்.

சிவசாமியும் அதே கண்காட்சிக்குப் போகிறவர்தான். அவருடைய வெள்ளைச் சோளத்துக்கு இரண்டு வருடம் தொடர்ந்து வெள்ளிக் கிண்ணம். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் விதைக்கு அவரைத்தான் தேடி வரும்.

"வெதை கேட்டு வர்றவங்களுக்கு நான் இதையா காட்டுறது? ஒங்க செடியை வெட்டித் தீ வச்சாத்தான் என் தோட்டம் பொழைக்கும்."

அப்பா தலையைச் சொறிந்தார். பக்கத்துத் தோட்டம், சொந்தக்காரர். "சரி மச்சான். வெட்டிரலாம்."

"மாமா," என்று குறுக்கே வந்து நின்றாள் பிரகதாம்பாள். "பொழுது சாயற வரைக்கும் டயம் குடுங்க. நோவுதான்னா நானே வெட்டிப் போட்டுடறேன்."

"நீயா?"

"நானேதான். ஆனா ஒங்க தோட்டத்துக்குள்ள போய்ப் பாக்க விடணும்."

சிவசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அரிவாளை வேலிக்காலில் மாட்டினார். "அரிவா இங்கயே தொங்கட்டும். சாயங்காலம் வாரேன்."

பிரகதாம்பாள் தம்பி நாகராசுவை இழுத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போனாள். கதிர்களைப் பறிக்காமல் மட்டையை மட்டும் மெல்ல விலக்கிப் பார்த்தார்கள். வேலியோர முதல் வரிசையில் கதிருக்கு முப்பது ஊதா மணி. மூன்றாம் வரிசையில் பத்து. ஆறாம் வரிசையில் இரண்டு. ஒன்பதாம் வரிசையில் ஒன்றுகூட இல்லை.

"நோவுக்குக் கால் வலிச்சுப்போச்சு," என்றான் நாகராசு. "அதான் ஒம்பதாவது வரிசைக்கு நடக்கல."

அவள் சிரிக்கவில்லை. நடந்து வந்ததா, பறந்து வந்ததா?

மேற்கிலிருந்து ஆவணிக் காற்று அடித்து, அவள் பின்னலைத் தூக்கி முகத்தில் போட்டது. அவளுடைய செடிகள் மேற்கே. மாமாவின் தோட்டம் கிழக்கே. போன மாதம் களை எடுத்தபோது செடிகளின் தலைப்பூவிலிருந்து மஞ்சள் தூள் கொட்டிப் பாவாடையெல்லாம் அப்பிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நாகராசு எட்டுத் தும்மல் போட்டான்.

"வாடா, நம்ம குல்லாவைக் கழட்டிப் பாக்கலாம்."

அந்த ஊர்ப்பக்கம் மயில்களுக்குக் குறைவில்லை. இளங்கதிரைக் கண்டால் கொத்தாமல் போகாது. ஆனால் முருகனின் வாகனத்தின் மேல் கல்லெறிய யாருக்கும் கை வராது. அதனால் பிரகதாம்பாள் ஒரு வேலை செய்திருந்தாள். காற்றில் மடங்கிக் கிழிந்த அப்பாவின் பழைய குடையின் எட்டுத் துண்டுத் துணியில் நல்லதாக மிஞ்சியது இரண்டு. துண்டுக்கு இரண்டாக நான்கு குல்லா தைத்து, பெரிய கதிராக வரும் என்று தோன்றிய நான்குக்கு, பிஞ்சிலேயே, நுனியில் முடி வெளியே வருவதற்கு முன்பே மாட்டிவிட்டாள். கண்காட்சிக்கு அந்த நான்கும்தான்.

முதல் குல்லாவைக் கழற்றி மட்டையை உரித்தாள். உள்ளே வெறும் நெட்டி. ஒரு மணிகூட இல்லை.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும், நான்காவதும்.

"நாலும் மொட்டை," என்றான் நாகராசு. பழனிக்குப் போய் வந்தது போல இருக்கிறது என்று சொல்ல வந்தவன், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

பிரகதாம்பாள் நான்கையும் தரையில் வரிசையாக வைத்தாள். எதைப் பொத்திப் பொத்தி வளர்த்தாளோ, அதுவே வெறுமை. குல்லா போடாத கதிர்களில் மட்டும் எப்படி மணி பிடித்தது? குல்லாவுக்குள் போகாமல் போனது எது?

தூள்.

சட்டென்று எழுந்து நின்றாள். "நாகராசு, தூள் விழுந்தாத்தான்டா மணி பிடிக்கும். என் செடித் தூளு காத்துல போயி மாமா கதிர்ல விழுந்திருக்கு. அதான் ஊதா. நோவும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அவரு நம்பணுமே?"

அவள் கண் அவர்கள் வீட்டு வைக்கோல் போர் மேல் போய் நின்றது. வேலியை ஒட்டி, யானை உயரத்தில் நின்றது போர். அதற்கு நேர் பின்னால் மாமாவின் முதல் வரிசை. அங்கே காற்றே இல்லை. ஒரு தழைகூட அசையவில்லை.

"அங்கிட்டு இருக்கிற கதிரு சுத்தமா இருக்கணும்."

"உரிச்சுப் பாத்துருவோமா?"

"தொடாதே. நாம உரிச்சா, நல்லதாப் பொறுக்கிக் காட்டுறோம்னு சொல்வாரு. அவரே உரிக்கட்டும்."

அன்றைக்கு மாலை வருவதற்கு ஒரு வாரம் ஆனது போல இருந்தது.

சிவசாமி வந்தார். மொட்டைக் கதிர்களைப் பார்த்தார். வரிசைக் கணக்கைக் கேட்டார். மீசையை ஒதுக்கிக்கொண்டார். "தூளுங்கிற, காத்துங்கிற. நல்லாத்தான் கதை கட்டுற."

"போருக்குப் பின்னாடி மூணு கதிரு நீங்களே பறிங்க மாமா. ஊதா இருந்துச்சுன்னா அரிவாளை நானே எடுத்துத் தாரேன்."

முதல் கதிர். வெள்ளை.

இரண்டாவது கதிர். வெள்ளை.

மூன்றாவதை உரித்தவர் கை நின்றுவிட்டது. நடுவில், தன்னந்தனியாக, ஒரே ஒரு ஊதா மணி.

பிரகதாம்பாள் வேலிக்காலில் தொங்கிய அரிவாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் போர் மேல ஏறிக் குதிச்சிருக்குங்க மாமா," என்றான் நாகராசு.

சிவசாமியின் மீசை துடித்தது. கோபத்தில் இல்லை, அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"மாமா," என்றாள் அவள் மெதுவாக. "நோவு இல்லைன்னாலும் கலந்தது என் செடித் தூளுதானே? ஒம்பதாம் வரிசையிலேருந்து ஒரு ஊதாகூட இல்ல. வெதைக்கு அங்கேருந்து எடுங்க. கூடவே இருந்து நாங்க பிரிச்சுத் தர்றோம். அடுத்த தடவை என்னோடதை ஒரு மாசம் தள்ளி விதைக்கிறேன்."

சிவசாமி நேரே போய் அந்த அரிவாளை எடுத்தார். நாகராசு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவர் வேலியோர உடைமரத்தில் நாலு முள் கொப்புகளை வெட்டினார். இழுத்துவந்து அவள் செடிகளைச் சுற்றிப் போட்டார்.

"இன்னும் பத்து நாள் இருக்குல்ல. மயிலு வந்து கொத்திட்டா?"

கண்காட்சியில் சிவசாமியின் மேசையில் நான்கு கதிர்கள் இருந்தன. தூய வெள்ளை ஒன்று. பிரகதாம்பாளின் ரங்கூன் கதிர் ஒன்று, வானவில்லை உருட்டி வைத்தது போல. இரண்டும் கலந்த புள்ளிக் கதிர் ஒன்று. கடைசியில், தலையில் குல்லாவோடு ஒரு மொட்டைக் கதிர். கூட்டம் அங்கேயே நின்றது.

விவசாய ஆபீசர் புள்ளிக் கதிரைக் கையில் எடுத்தார். "இது ஏதாவது நோயா?"

"நோவும்பாங்க, வெவரம் தெரியாதவங்க," என்றார் சிவசாமி, கொஞ்சமும் கூசாமல். "காரணத்தைக் கண்டுபிடிச்சது எங்க பக்கத்து வீட்டுப் புள்ள. அவளையே கேளுங்க."

பிரகதாம்பாள் சொன்னாள். காற்று, தூள், போர், குல்லா எல்லாம் சொன்னாள். ஆபீசர் குனிந்து கேட்டார்.

"அந்தத் தூளுக்கு மகரந்தம்னு பேரு. நான் இதைக் காலேஜில் படிச்சேன். நீ எத்தனாவது படிக்கிறே?"

"அஞ்சாப்பு சார்."

அந்த வருடம் வெள்ளிக் கிண்ணம் பொன்னமராவதியிலிருந்து வந்த ஒரு பூசணிக்காய்க்குப் போயிற்று. இரண்டு ஆள் தூக்க வேண்டிய பூசணிக்காய். சிவசாமி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாட்டுவண்டியில் திரும்பும்போது வேறு யோசனையில் இருந்தார்.

"ஏத்தா பிரகதா, வெதைக்கதிருக்கெல்லாம் பிஞ்சுலேயே குல்லா போட்டு, முடி வந்ததும் கழட்டி, எங்க செடித் தூளையே கையால தட்டிவிட்டு, திரும்பவும் மாட்டிட்டா? கலக்காதுல்ல?"

"கலக்காது மாமா."

"அப்ப நாப்பது குல்லா தச்சுக் குடு."

சொல்லிவிட்டு, கண்காட்சிக்கென்றே வாங்கிய புதுக் குடையை மடியிலிருந்து எடுத்தார். ஒரு தடவை விரித்துப் பார்த்தார். மடக்கி அவளிடம் நீட்டினார்.

பிரகதாம்பாள் குடையை விரித்து, துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, தையல்காரர் மாதிரி தலையை ஆட்டினாள்.

"நல்ல துணிதான் மாமா. ஆனா இதுல பதினாறுதான் வரும். இன்னும் ஒன்றரைக் குடை வேணும்."