பூஜ்யத்துக்குக் கீழே

செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல மாதி கோத்தகிரி வலி நிலையத்தில் வரிசையில் நின்று, முறை வந்ததும் உணரித் தொப்பியை மாட்டிக்கொண்டாள். இடுப்பெலும்பில் யாரோ கடப்பாரையை விட்டு நெம்புவதுபோல இருந்தது. எதிர்ச் சுவரில் எழுதியிருந்தார்கள்: 'வாய் பொய் சொல்லும், மூளை சொல்லாது.'

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்தப் பழமொழியைப் பொய்யாக்கவே வலிமானியைக் கண்டுபிடித்தார்கள். அது மூளையைப் படித்து எண் சொல்லும். ஐந்தைத் தாண்டினால் மருந்துப்பெட்டி தானாகத் திறந்து வலிமுறி ஊசியை நீட்டும். தாண்டாவிட்டால் கடவுளே வந்து கெஞ்சினாலும் திறக்காது.

"மூணுதான் காட்டுது அக்கா," என்றாள் பெனிட்டா. வலிமானியை இயக்கும் வேலைக்கு அவள் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

"எனக்கு என்னிக்கு மூணைத் தாண்டுச்சு சிஸ்டர்? அரிவாள்செல் நோய். ரத்த அணு வளைஞ்சு போய் எலும்புக்குள்ள அடைச்சுக்குது. நேத்திலேருந்து காலை ஊன முடியல. இங்க என்னடான்னா நடிக்கிறேன்னு எழுதியே வெச்சிருக்காங்க."

எழுதித்தான் வைத்திருந்தார்கள். திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் 'மிகைப்படுத்துபவர்' என்ற பட்டம் இருபது வருடமாக ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பு இருந்தவர்கள் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியதோடு சரி. பெனிட்டா அதற்குக் கீழேயும் படித்தாள்.

வலியில்லாத ஒரு நாளில் மூளையை ஸ்கேன் செய்து, அதை அந்த ஆளின் பூஜ்யமாக வைத்துக்கொண்டுதான் வலிமானி எண்ணும். மாதிக்கு அதைப் பன்னிரண்டு வயதில் ஒரு பள்ளிக்கூட முகாமில் எடுத்திருந்தார்கள்.

"அன்னிக்கு வலி இருக்கான்னு கேட்டிருப்பாங்களே. என்னக்கா சொன்னீங்க?"

"பரவாயில்லைன்னு சொன்னேன்."

"இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு. தாங்கிக்கிற மாதிரி இருந்துச்சு. அப்ப பரவாயில்லைன்னுதானே சொல்வோம்?"

முகாமில் எழுதியவர் அதை 'வலி இல்லை' என்று பதிந்துவிட்டார். பெனிட்டா பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கைக்குழந்தையிலிருந்தே வலியோடு வளர்ந்த மூளை, பன்னிரண்டு வயதுக்குள் அதற்கேற்றபடி தன் இணைப்புகளையே மாற்றிக்கொண்டிருந்தது. கருவிக்கு அதுதான் பூஜ்யம்.

"இதை மாத்தணும்னா, வலியே இல்லாத ஒரு நாள்ல நீங்க வரணும் அக்கா. விதி அப்படி."

"அப்படி ஒரு நாள் இருந்தா நான் எதுக்கு இங்க வரேன்?" மாதிக்கு ஆத்திரத்தில் சிரிப்புதான் வந்தது.

பெனிட்டா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். அவசரச் சாவியால் மருந்துப்பெட்டியைத் திறந்தாள். வேலை போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும்.

ஊசி போட்ட கால்மணி நேரத்தில் எண் இறங்கியது. இரண்டு, ஒன்று, பூஜ்யம். அங்கே நிற்காமல் இறங்கிக்கொண்டே போய் மைனஸ் ஆறில் நின்றது. அப்படியானால் காலையில் இவள் ஒன்பதைச் சுமந்துகொண்டா வரிசையில் நின்றாள்? பெனிட்டா புதிய பூஜ்யத்தைப் பதிய அவசரமாக விரலை வைத்தாள். திரை சிவந்தது. 'இயல்புக்கு மாறான மூளை. மருந்து மிகை. நோயாளிக்கு ஓராண்டு தடை.' மருந்துப்பெட்டி பூட்டிக்கொண்டது.

மாதி திரையைப் பார்க்கவில்லை. காலைத் தரையில் ஊன்றி நின்றாள். முழங்காலை மடக்கினாள், நீட்டினாள். முப்பத்துநான்கு வயதில் முதல் தடவையாக உடம்பு எதுவும் சொல்லாமல் இருந்தது. சந்தோஷம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

"சிஸ்டர்," என்றாள். "நீங்கல்லாம் தினமும் இப்படியேவா இருக்கீங்க?"